சுக்கு காப்பியில் காப்பி இல்லை

(திருமானூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழிலேயே ஒரு வேண்டுகோள் வைத்திருந்தேன். சக்திக்காக, சுறுசுறுப்புக்காக, உடம்பு இளைக்க, உடம்பு தேற என்று வாங்கி வைத்திருக்கிற மாத்திரை, பவுடர், டானிக் எதுவானாலும் டப்பாவோடு எடுத்து வாருங்கள் என்று கேட்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்டுவந்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. இப்போதைக்கு அவை மடியிலேயே இருக்கட்டும். நான் பேசப் பேச நீங்கள் லேபிளைப் படித்துக்கொண்டே வாருங்கள்.

நான் மருத்துவன் இல்லை. அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சீட்டை வாங்கி, மாத்திரையை எண்ணிக் கொடுத்து, ‘காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு’ என்று சொல்லிச் சொல்லியே என் காலம் போனது. அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: பெயரைக் கேட்காதே, அளவைக் கேள்.

சுக்கு காப்பி எல்லோரும் குடித்திருப்பீர்கள். அதில் என்ன இருக்கிறது? சுக்கு, கொத்தமல்லி, மிளகு, கருப்பட்டி. தனியாகக் காப்பித்தூள் சேர்த்தால் ஒழிய, ஒரு காப்பிக்கொட்டைகூட அதில் கிடையாது. பெயரில் காப்பி உண்டு, பொருளில் காப்பி இல்லை. இப்போது என் கையில் இருக்கும் இந்த டப்பாவைப் பாருங்கள். முன்பக்கம் பெரிய பச்சை இலை. மூலிகை என்று கொட்டை எழுத்து. காப்பி என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் இதில் இரண்டு மாத்திரை போட்டால், இரண்டு டம்ளர் கெட்டி ஃபில்டர் காப்பியை ஒரே மூச்சில் குடித்ததற்குச் சமம். பெயரில் காப்பி இல்லை, பொருள் முழுக்கக் காப்பி.

இந்த டப்பா என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் தம்பி மகன் லாரி ஓட்டுகிறான். நம் அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகளையும் சிமெண்ட் லாரிகளையும் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரவு ஓட்டம், பகலில் அரைத் தூக்கம். ஒருநாள் விடியற்காலை போன் செய்து, “பெரியப்பா, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, கை நடுங்குது, வண்டிய ஓரம்கட்டிட்டேன்” என்றான். அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை, துடிப்பு மட்டும் மிக வேகம். என்ன சாப்பிட்டாய் என்று மருத்துவர் கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல சார், மூலிகை மாத்திரைதான்” என்றான். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவன் நம்பியிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் காகிதத்தில் கணக்குப் போட்டோம். அந்த இரவு பதினொரு மணியிலிருந்து ஐந்து மணி வரை அவன் உள்ளே தள்ளியவை இவை. மூலிகை மாத்திரை இரண்டு: காப்பியில் இருக்கிற ஊக்கப் பொருளான காஃபீன் 220 மில்லிகிராம். பெட்டிக்கடை எனர்ஜி டிரிங்க் 250 மில்லி பாட்டில் ஒன்று: 75. டீ மூன்று, குறைவாகவே வைப்போம், தலைக்கு 30: ஆக 90. நடுவில் தலை வலிக்கிறதென்று போட்ட மாத்திரையில், லேபிளைப் பார்த்தால், 50. மொத்தம் 435 மில்லிகிராம். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஒரு நாள் முழுவதற்கும் 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் வேண்டாம் என்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் ஆராய்ந்து, நல்ல ஆரோக்கியமுள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400, ஒரே வேளையில் 200 என்று வரம்பு சொன்னது. தாராளமான அந்த வரம்பையும் என் தம்பி மகன் ஆறு மணி நேரத்தில் தாண்டிவிட்டான். அவனைக் கேட்டால் ‘மூணு டீ குடிச்சேன்’ என்றுதான் சொல்லுவான்.

அந்த மாத்திரையில் இருந்த செடியின் பெயர் குவரானா. தென் அமெரிக்காவில், பிரேசில் நாட்டு அமேசான் காட்டில் வளரும் கொடி. தாவர நூலில் பாலினியா குபானா என்று பெயர். செக்கச் சிவந்த சிறு பழம். பழுத்து வெடித்தால் வெள்ளைச் சதைக்கு நடுவே கறுப்பு விதை தெரியும். பார்த்தால் மனிதக் கண் விழித்துப் பார்ப்பதுபோல இருக்கும். அங்கே வாழும் சத்தேரே மாவே என்ற பழங்குடி மக்கள், இறந்துபோன ஒரு குழந்தையின் கண்ணிலிருந்து முளைத்த செடி இது என்று கதை சொல்கிறார்கள். அவர்கள் விதையை வறுத்து, இடித்து, பிசைந்து, கோல்போல உருட்டிப் புகையில் உலர்த்தி வைத்துக்கொள்வார்கள். வேண்டும்போது பிரருக்கு என்ற பெரிய மீனின் காய்ந்த நாக்கில், நாம் சந்தனக் கட்டையைக் கல்லில் உரைப்பதுபோல உரைத்து, தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். ஒரு கோலை உரைத்து உரைத்துப் பல நாள் ஓட்டுவார்கள். எவ்வளவு உரைக்கிறோம் என்பது அவர்கள் கைக்குத் தெரியும்.

இந்தச் செடி நமக்கு அந்நியம் என்று நினைக்காதீர்கள். இதன் நெருங்கிய சொந்தக்காரச் செடி திருமானூரில் வேலிக்கு வேலி படர்ந்திருக்கிறது. முடக்கத்தான்! மூட்டு வலிக்குத் தோசையில் அரைத்து ஊற்றுகிறோமே, அதேதான். இரண்டும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக்குள்ளும் ஒரே கிளை. பூந்திக்கொட்டை மரமும் அந்தக் குடும்பம்தான். முடக்கத்தான் காயைப் பிதுக்கிப் பாருங்கள், கறுப்பு விதையில் வெள்ளையாக ஓர் இதய வடிவம் இருக்கும். அண்ணன் தம்பி சாயல் அதில் தெரியும். ஆனால் முடக்கத்தான் தோசை சாப்பிட்டுத் தூக்கம் கெட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. குவரானா விதையிலோ காப்பிக்கொட்டையில் இருப்பதைவிட இரண்டு, மூன்று மடங்கு காஃபீன் இருக்கிறது. காப்பிக்கொட்டையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு. குவரானாவில் மூன்று, நான்கு, சில விதைகளில் அதற்கும் மேல். ஒரே குடும்பத்தில் பிறந்த ஒன்று தோசைக்கு ஆகிறது, இன்னொன்று தூக்கத்தைத் துரத்துகிறது. ‘செடிதானே, என்ன செய்துவிடும்’ என்கிறவர்களுக்கு இதற்கு மேல் நான் என்ன சான்று காட்ட?

1826-இல் மார்ட்டியஸ் என்ற ஜெர்மன் அறிஞர் குவரானாவிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து ‘குவரானைன்’ என்று பெயரிட்டார். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அதற்கு முன்பே 1819-இல் ருங்கே என்பவர் காப்பிக்கொட்டையிலிருந்து பிரித்த காஃபீனும் இதுவும் ஒன்றே என்று தெரிந்தது. ஏறக்குறைய இருநூறு ஆண்டு ஆகிறது. இன்றும் சில டப்பாக்களில் குவரானைன் என்று தனியாக அச்சிட்டு, ஏதோ வேறு சத்துபோலக் காட்டுகிறார்கள். குவரானாவின் காஃபீன் மெதுவாக இறங்கும், அதனால் படபடப்பு வராது என்றும் விற்பவர்கள் சொல்வதுண்டு. ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு அப்படிப் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

சரி, காஃபீன் உடம்பில் என்ன செய்கிறது? அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகிற பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம் மூளை அந்தப் பேருந்து. நாம் விழித்து வேலை செய்யச் செய்ய, அடினோசின் என்ற ஒரு பொருள் மூளையில் சேர்ந்துகொண்டே வரும். அது வந்து தன் இருக்கையில் உட்கார்ந்தால் நமக்கு அசதி தெரியும், கண் சொக்கும். காஃபீன் என்ன செய்கிறது தெரியுமா? ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடித்துவிடுகிறது. அடினோசினுக்கு உட்கார இடமில்லை. அசதி தெரியவில்லை. ஆனால் பயணிகள் இறங்கிப் போய்விடவில்லை. படியிலும் நடுவிலும் நின்றுகொண்டேதான் வருகிறார்கள், இன்னும் ஏறிக்கொண்டும் இருக்கிறார்கள். சில மணி நேரம் கழித்துத் துண்டை எடுத்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருகிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு ஸ்டீயரிங்கில் தலை சாய்வது அப்போதுதான்.

அதனால்தான் ‘இது சக்தி தரும்’ என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்வதில்லை. சக்தி சோற்றில் இருக்கிறது, கம்பங்கூழில் இருக்கிறது, தூக்கத்தில் இருக்கிறது. காஃபீனில் சக்தி கிடையாது. களைப்பை மறைக்கிற திரை அது.

குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி எட்டு மணிக்கு 200 மில்லிகிராம் உள்ளே போனால், ஒரு மணிக்கும் 100 மில்லிகிராம், அதாவது ஒரு காப்பி, உள்ளே விழித்துக்கொண்டிருக்கும். இது ஆளுக்கு ஆள் மாறும். பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்குச் சீக்கிரம் கழியும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு இரண்டு மடங்கு நேரம் தங்கும். நிறைமாதக் கர்ப்பிணிக்குப் பாதி கழியவே பதினைந்து மணி நேரம் வரை ஆகலாம். இன்றைய மாத்திரை தீர்வதற்குள் நாளைய மாத்திரை வந்து சேர்ந்துவிடும். வயிற்றில் இருக்கும் சிசுவால் அதைக் கழிக்கவே முடியாது. ஆகவே கர்ப்பிணிகள் 200 மில்லிகிராமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். காலையில் ஒரு காப்பி, மாலையில் ஒரு டீ போதும். குவரானா டப்பா அந்த வீட்டுக்குள்ளேயே வேண்டாம்.

நான் காஃபீனைத் திட்டவே வந்திருக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். நூறாண்டுக்கு முன்பு காப்பி நம் ஊர்களுக்குள் நுழைந்தபோது, குடி கெட்டது, குலம் கெட்டது என்று பதறியவர்கள் உண்டு. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் அந்த வரலாற்றை அருமையாக எழுதியிருக்கிறார். அந்தப் பதற்றத்தை நான் திரும்பக் கொண்டுவர விரும்பவில்லை. காலையில் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுத்தான் நானும் இங்கே நிற்கிறேன்.

மருந்தாகவே காஃபீனுக்கு ஒரு பெரிய வேலை இருக்கிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகள் சில நேரம் மூச்சு விடவே மறந்துபோகும். மூச்சை நினைவூட்டும் இடம் மூளையில் இன்னும் முதிர்ந்திருக்காது. அந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற மருந்து காஃபீன் சிட்ரேட். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. குழந்தையின் எடையை கிராம் கணக்கில் நிறுத்து, அதற்கேற்ற மில்லிகிராமை அளந்து, ஊசிக்குழலில் எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் குழந்தைக்கு அதே காஃபீன் உயிர் தருகிறது. ஏன் தருகிறது? அளந்து கொடுப்பதால். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

ஓட்டுநர்களுக்கும் சரியாகப் பயன்படுத்தினால் உதவும். இங்கிலாந்தில் லப்பரோ பல்கலைக்கழகத்தில் ஹார்ன், ரெய்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்களை வண்டி ஓட்டும் பாவனைக் கருவியில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். காப்பி குடித்துவிட்டு உடனே கால் மணி நேரம் கண்ணயர்ந்தவர்கள் நன்றாக ஓட்டினார்கள். காரணம் எளிது. காஃபீன் வேலை செய்ய அரை மணி நேரம் பிடிக்கும். அதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டால் நின்றுகொண்டிருந்த பயணிகள் கொஞ்சம் பேர் இறங்கிவிடுவார்கள். கீழப்பழுவூர் பக்கமோ, கொள்ளிடம் பாலத்துக்கு முன்போ, வண்டியை ஓரம்கட்டி, டீ குடித்து, இருபது நிமிடம் அலாரம் வைத்துப் படுங்கள். அதற்கப்புறமும் கண் சொக்கினால் டீயால் தீராது. தூங்கித்தான் ஆக வேண்டும்.

குவரானாவையே எடுத்துக்கொண்டாலும் நல்ல சேதி இல்லாமல் இல்லை. பிரேசிலில் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை பெற்ற 75 பெண்களுக்குக் குறைந்த அளவு குவரானா சாறு கொடுத்துப் பார்த்து, சோர்வு குறைந்தது என்று 2011-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களிடம் செய்த சோதனையில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. கையில் இருக்கிற சான்று இப்படிக் கலவையானதுதான். இதை வைத்துக்கொண்டு ஞாபக சக்தி, ஆண்மை, எடைக் குறைப்பு, சர்க்கரை கட்டுப்பாடு என்று டப்பா முழுக்க எழுதுவது நியாயமே இல்லை.

இப்போது உங்கள் மடியில் இருக்கும் டப்பாவைத் திருப்புங்கள். குவரானா என்ற பெயர் இருக்கிறதா? கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட், கிரீன் காஃபி, கோலா, யெர்பா மாட்டே என்று ஏதாவது? எல்லாமே காஃபீன் செடிகள். இனி அளவு. ‘குவரானா 500 மில்லிகிராம்’ என்று மட்டும் போட்டிருந்தால் அதிலிருந்து உங்களுக்கு ஒன்றும் தெரியாது. வெறும் விதைப்பொடி என்றால், நூற்றுக்கு நான்கு பங்கு வைத்துக்கொண்டால், அதில் 20 மில்லிகிராம் காஃபீன். அரை டீ அளவு. அதையே சாறு எடுத்துக் கெட்டியாக்கி நூற்றுக்கு 22 பங்கு காஃபீன் வரும்படி செய்திருந்தால், அதே 500 மில்லிகிராமில் 110. ஒரே பெயர், ஒரே எடை, ஐந்து மடங்குக்கு மேல் வேறுபாடு! சத்தேரே மாவே மக்கள் மீன் நாக்கில் உரைத்துக் குடித்தது முதல் வகை. உங்கள் மாத்திரை பெரும்பாலும் இரண்டாவது. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகப் பழகிய பானத்தின் பெயரைச் சொல்லி, அவர்கள் கண்ணால்கூடப் பார்த்திராத வீரியத்தை நம் கையில் கொடுக்கிறார்கள்.

அளவு தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு சம்பவம் சொல்கிறேன். பெனேரா என்ற உணவகச் சங்கிலி எலுமிச்சைப் பானம் ஒன்றை விற்றது. குவரானாவும் பச்சைக் காப்பிச் சாறும் கலந்தது. பெரிய கோப்பையில் 390 மில்லிகிராம் காஃபீன். 2022-இல் அதைக் குடித்த 21 வயது மாணவி ஒருவர் இறந்துபோனார். அவருக்குப் பிறவியிலேயே இதயத் துடிப்புக் கோளாறு இருந்தது. எனர்ஜி டிரிங்க் பக்கமே போகாமல் கவனமாக இருந்தவர், இதைச் சாதாரண எலுமிச்சைச் சாறு என்று நம்பித்தான் குடித்தார் என்று குடும்பத்தார் வழக்கு தொடுத்தார்கள். நிறுவனம் பொறுப்பை மறுத்தது. ஆனால் 2024-இல் அந்தப் பானத்தை நிறுத்திக்கொண்டது. கவனமாக இருந்தவர் என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. கவனமாக இருப்பவருக்கும் லேபிள்தானே கண்?

இன்னொன்று 2003 பிப்ரவரி. பால்டிமோர் அணியின் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர், வயது 23. எடை குறைக்க, எஃபிட்ரா என்ற மூலிகையும் காஃபீனும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டுவிட்டு வெயிலில் பயிற்சி செய்தார். உடல் சூடு ஏறி மறுநாள் இறந்தார். அடுத்த ஆண்டே எஃபிட்ரா கலந்த சப்ளிமெண்ட்களை அமெரிக்க அரசு தடை செய்தது. எஃபிட்ராவும் மூலிகைதான், சீன மருத்துவத்தில் காலங்காலமாக இருப்பது. வெயில், வெறும் வயிறு, வியர்வை, ஊக்க மாத்திரை, நான்கும் சேர்ந்தால் இளம் இதயமும் தாங்காது. சித்திரை வெயிலில் ஜிம்முக்குப் போகிற தம்பிகள், கரண்டி நிறையப் பவுடரைத் தண்ணீர்கூடக் கலக்காமல் வாயில் கொட்டிக்கொள்கிற தம்பிகள், உங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நம் நாட்டிலும் நடவடிக்கை இருந்திருக்கிறது. 2015 மே மாதத்தில் மான்ஸ்டர், சிங்கா, கிளவுட் 9 ஆகிய எனர்ஜி டிரிங்குகளை விற்பனையிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். காஃபீனையும் ஜின்செங் என்ற மூலிகையையும் சேர்த்ததற்கு அறிவியல் நியாயம் இல்லை என்பது காரணம். பிறகு விதி வந்தது. காஃபீன் பானம் என்றால் லிட்டருக்கு 145 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, 300-ஐத் தாண்டக்கூடாது. நாளைக்கு 500 மில்லிக்கு மேல் குடிக்கக்கூடாது, குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு ஏற்றதல்ல என்று லேபிளில் அச்சிட வேண்டும். அச்சிட்டும் இருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்து. இருபது ரூபாய் சிவப்பு பாட்டிலைக் கூல்டிரிங்ஸ் என்று வாங்கி ஆறாம் வகுப்புப் பிள்ளை குடித்துக்கொண்டு போகிறது. குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய வரம்பு. 25 கிலோ பிள்ளைக்கு 75. அந்த ஒரு பாட்டிலோடு நாள் கணக்கு முடிந்துவிட்டது. அதன் பிறகு வீட்டில் அம்மா டீ கொடுப்பார். பள்ளிக்கூடத்தை ஒட்டிக் கடை வைத்திருக்கும் அண்ணன்மார் இந்த அரங்கில் இருந்தால், சீருடையில் வரும் பிள்ளைக்கு அதைக் கொடுக்காதீர்கள். ஒரு பாட்டில் லாபம் போனால் போகட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் டப்பாவைப் பற்றி. அதைவிடப் பெரிய சேதி ஒன்று இருக்கிறது. நீங்கள் ஏன் களைத்துப் போகிறீர்கள்?

மருந்தகச் சன்னலுக்கு முன்னால் நின்று, “ஒரே அசதியா இருக்கு, ஏதாச்சும் டானிக் கொடுங்க” என்று கேட்ட பெண்களை எண்ணிச் சொல்ல என்னால் முடியாது. நடவுக்கும் களைக்கும் கதிர் அறுப்புக்கும் போய்விட்டு, வந்து சோறாக்கி, கடைசியாகச் சாப்பிட்டுப் படுக்கிறவர்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று, 2019 முதல் 2021 வரை எடுத்தது, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை என்கிறது. இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் பெண்களில் ஒருவர் விட்டு ஒருவர். இரத்தத்தில் இரும்பு இல்லாவிட்டால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், படி ஏற முடியாது. அந்த அசதிக்கு டீ குடிக்கிறோம். டீயிலும் காப்பியிலும் இருக்கிற துவர்ப்புச் சத்து, சாப்பாட்டில் வரும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. குவரானாவிலும் அந்தத் துவர்ப்பு நிறைய. ஆக, இரும்பில்லாத அசதிக்கு டீ. டீயால் இன்னும் இரும்புக் குறைவு. அதனால் இன்னும் அசதி, அதற்கு இப்போது ஒரு மூலிகை மாத்திரை. செக்கு மாடுபோல இதே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறோம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் டீ, காப்பி வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது இதற்காகத்தான். செலவே இல்லாத மருந்து இது. நாளைக் காலையிலிருந்தே தொடங்கலாம்.

களைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. சர்க்கரை, தைராய்டு, காசநோய், குறட்டையோடு மூச்சு அடைக்கும் தூக்கம், மனச்சோர்வு. இவை ஒவ்வொன்றுக்கும் சோதனை இருக்கிறது, சிகிச்சை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள். ஆயிரம் ரூபாய் டப்பா அந்தக் களைப்பை மூன்று மாதம் மூடிவைக்கும். மூன்று மாதம் நோய் உள்ளே வளரும். காஃபீனால் வருகிற படபடப்பைவிட எனக்குப் பெரிய பயம் இதுதான்.

யார் யார் தொடவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்பு, பதற்ற நோய் உள்ளவர்கள் வேண்டாம். ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனியுங்கள்: அது காஃபீனுக்கு ஒன்றுவிட்ட சகோதரன், இரண்டும் சேர்ந்தால் படபடப்பு இரட்டிக்கும். சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் காஃபீனைக் கழியவிடாமல் தடுக்கும். தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணி நேரமாவது கழித்துத்தான் காப்பி குடிக்க வேண்டும். இல்லையென்றால் மாத்திரை சரியாகச் சேராது. கிரீன் டீயைக் குடிப்பது வேறு, அதன் சாற்றை மாத்திரையாக விழுங்குவது வேறு. அதிக அளவில் அது கல்லீரலைப் பாதிக்கும் என்று 2018-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது.

ஏற்கெனவே பழகிவிட்டவர்கள் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். விரத நாளில் காப்பி குடிக்காமல் இருந்தால் மண்டை பிளக்கிறதே, அதே வலிதான் வரும். முதல் இரண்டு நாள் கடுமையாக இருக்கும், ஒரு வாரம் பத்து நாளில் ஓய்ந்துவிடும். பாதி, கால் என்று குறைத்துக்கொண்டே வந்தால் அந்த வலியும் தெரியாது. அந்தத் தலைவலிக்கு மாத்திரை வாங்கும்போது அதிலும் காஃபீன் இருக்கிறதா என்று பாருங்கள். என் தம்பி மகன் மூன்று வாரத்தில் இப்படித்தான் விட்டான். இப்போது சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டு வைத்திருக்கிறான். டீ குடித்தால் ஒரு கோடு. நாலாவது கோட்டோடு நிறுத்திவிடுகிறான்.

யாருக்காவது நெஞ்சு வலி, தாறுமாறான துடிப்பு, விடாத வாந்தி, வலிப்பு என்று வந்தால் வீட்டில் மோர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது அந்த டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். ‘மூலிகை’ என்று வாயால் சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது, லேபிளைப் பார்த்தால் தெரியும்.

என் பேச்சு இத்தோடு போதும். மேசைக்குப் பக்கத்தில் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் வைத்திருக்கிறார்கள். டப்பா கொண்டுவந்தவர்கள் ஒவ்வொருவராக வாருங்கள். காஃபீன் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தால், உங்கள் டீ, காப்பியோடு கூட்டிப் பார்ப்போம். அந்த எண் எங்குமே இல்லையென்றால், வேறு எதையும் பார்க்க வேண்டாம். நாளைக்கே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.